இயற்கை விவசாயத்துக்கு மாறச் சொல்கிறார்கள்: செட்டிநாட்டுக் கண்மாய்ப் பாசனத்தில் மாறுமுன் போட வேண்டிய கணக்கு

இயற்கை விவசாயத்தைப் பற்றிப் பேசாத கட்சி இன்று இல்லை. 2019 மத்திய பட்ஜெட் உரையில் செலவில்லா விவசாயம் இடம்பெற்றது. 2021 டிசம்பரில் பிரதமர் அதற்கென்றே ஒரு மாநாட்டில் பேசினார். தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக (ஆர்கானிக்) வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. 2024 நவம்பரில் 2,481 கோடி ரூபாயில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சிவகங்கை மாவட்டத்தில் கல்லல், சாக்கோட்டை, கண்ணங்குடி, தேவகோட்டைப் பக்கத்து விவசாயியிடம் கேட்டால், இயற்கை விவசாயம் கெடுதல் என்று ஒருவரும் சொல்வதில்லை. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் மீதும் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் மீதும் இங்கே உள்ள மரியாதை உண்மையானது. அவர்கள் வயலில் நின்று பேசியவர்கள். மேடையில் பேசுகிறவர்களிடம் விவசாயி கேட்பது மூன்றே கேள்வி: எருவுக்கு எங்கே போவது? மாறுகிற இரண்டு மூன்று வருஷ நட்டம் யார் தலையில்? விளைந்ததை யார், என்ன விலைக்கு எடுப்பார்?

இந்தக் கேள்விகள் நியாயமானவை. பக்கத்து இலங்கையில் 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நெல்லும் தேயிலையும் சரிந்தன. அதே ஆண்டு நவம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே தோற்றது இயற்கை விவசாயம் அல்ல, கணக்குப் போடாமல் எடுத்த அவசர முடிவு. ஒரு நாட்டுக்கு நேர்ந்தது ஒரு ஏக்கருக்கும் நேரும். எனவே கணக்கில் ஆரம்பிப்போம்.

முதலில் தழைச்சத்துக் கணக்கு

புழுதியில் விதைத்துப் பிறகு கண்மாய்த் தண்ணீரில் வளர்கிற நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 30 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்) 10 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பரிந்துரைக்கப்படுகின்றன. இது ஒன்றேகால் மூட்டை யூரியாவும் அரை மூட்டை டி.ஏ.பி.யும் ஆகும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய் என்று பார்த்தால் மொத்தம் ஆயிரம் ரூபாய்தான். அரசே மானியம் கொடுத்து இவ்வளவு மலிவாக்கி வைத்திருக்கும் பொருளை விடச் சொல்லும்போது, அதே சத்தை எருவில் கொண்டுவர என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். மேடையில் அதைச் சொல்வதில்லை.

மக்கிய தொழு எருவில் தழைச்சத்து சுமார் அரை சதம். 5 டன் போட்டால் 25 கிலோ இருக்கும். ஆனால் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 கிலோ. மிச்சம் மண்ணில் தங்கி அடுத்தடுத்த வருஷம் வரும். பசுந்தாள் உரச் செடியான கொழுஞ்சி மானாவாரியில் நன்றாக வந்தால் ஏக்கருக்கு 3 டன் பச்சைத் தழை கிடைக்கும். அது காய்ந்தால் முக்கால் டன், அதில் 3 சதம் தழைச்சத்து என்றால் 22 கிலோ, பாதி கிடைத்தால் 11 கிலோ. வேப்பம் புண்ணாக்கு 100 கிலோவில் 5 கிலோ இருக்கிறது, இந்தப் பருவத்துக்கு 3 கிலோ என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்து 22 கிலோ. உயரமாக வளரும் பாரம்பரிய ரகங்களுக்கு இது போதும். கூடினால் கார்த்திகை மழையில் சாய்ந்துவிடும். குட்டை ரகங்களை இதே அளவில் வளர்த்தால் விளைச்சல் குறையும். ரகத்தை மாற்றாமல் உரத்தை மட்டும் நிறுத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

அந்த 5 டன் எருவுக்கு எத்தனை மாடு வேண்டும்? ஒரு நாட்டு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். மேய்ச்சலில் விழுவது போக, மக்கிச் சுண்டியது போக, வருஷத்துக்கு ஒன்றரை டன் எரு கையில் நிற்கும். ஒரு ஏக்கருக்கு மூன்று மாட்டுக்கு மேல் வேண்டும். கையில் இரண்டு மாடு இருந்தால் 60 சென்ட்டுக்கு மேல் முதல் வருஷம் மாறாதீர்கள். நிலத்தின் அளவை எருதான் முடிவு செய்ய வேண்டும், திட்டத்தின் இலக்கு அல்ல.

ஒரு நாட்டு மாடு 30 ஏக்கருக்குப் போதும் என்று, செலவில்லா விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பலேகரின் முறையில் சொல்லப்படுகிறது. ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர்: சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, உயிருள்ள மண் ஒரு கைப்பிடி. இதில் மொத்தத் தழைச்சத்தைக் கூட்டினால் கால் கிலோ தேறாது. எட்டு முறை விட்டாலும் 2 கிலோதான். அதனால் ஜீவாமிர்தம் வீண் என்று பொருள் இல்லை. அது நுண்ணுயிரைப் பெருக்குகிறது. மண்ணில் மக்குவதற்குத் தழையும் எருவும் இருந்தால் அந்த நுண்ணுயிர் வேலை செய்யும். நம் சரளைச் செம்மண்ணில், கரிமச்சத்து அரை சதத்துக்கும் கீழே கிடக்கும் இடத்தில், ஜீவாமிர்தம் மட்டும் விட்டால் பயிர் மஞ்சளடித்து நிற்கும். பயிற்சி கொடுக்க வருகிறவர் இதை மறைத்தால் நேராகவே கேளுங்கள்.

எந்தச் செய்யில் தொடங்குவது

கண்மாய் ஆயக்கட்டில், அதாவது அதன் பாசனப் பரப்பில், தண்ணீர் வயல் விட்டு வயல் பாய்கிறது. மேல் வயலில் போட்ட யூரியாவும் தெளித்த களைக்கொல்லியும் கீழ் வயலுக்கு வரும். கடைமடையில் ஒற்றை வயலை மாற்றிவிட்டு இயற்கை விளைபொருள் சான்றுக்குப் போனால் முதல் கேள்வியே இதுதான் வரும். மடைக்கு நேர் கீழே உள்ள முதல் வயலில் தொடங்குங்கள். இல்லையென்றால் ஒரே மடையில் பாயும் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து மாறுங்கள். இரண்டும் முடியாதவர்கள் கிணற்றுப் பாசனத்தில் இருக்கும் துண்டை எடுக்கலாம். அதைச் சுற்றி வரப்பை உயர்த்தி, மேல் பக்கத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அடுத்த வயல் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும்.

தொடங்குமுன் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும் செட்டிநாட்டில் உள்ள வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்டால் வழி சொல்வார்கள். கரிமச்சத்து எண்ணை எழுதி வையுங்கள். மூன்று வருஷம் கழித்து மாற்றம் வந்ததா என்று பார்க்க அந்த எண்தான் சாட்சி.

மாசியில் கிடை, சித்திரையில் கொழுஞ்சி, ஆவணியில் விதைப்பு

தை அறுவடை முடிந்ததும் ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகளிடம் பேசி ஆட்டுக்கிடை போடுங்கள், அதாவது ராத்திரியில் மந்தையை வயலில் அடையுங்கள். மாடு இல்லாதவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆட்டுப்புழுக்கையில் மாட்டெருவைவிடச் சத்து அதிகம், சிறுநீரும் நேராக மண்ணில் இறங்குகிறது. பட்டியைத் தினமும் இடம் மாற்றச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று ராத்திரி அடைத்தால் அங்கே பயிர் கொழுத்துச் சாயும், மற்ற இடம் வெளுத்துக் கிடக்கும். கிடை எடுத்த ஓரிரு நாளில் மேலாக ஒரு உழவு ஓட்டி மூட வேண்டும். வெயிலில் கிடந்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும், கொடுத்த கூலியில் பாதி வீண். இன்னொன்று, சீமைக்கருவேல நெற்று பழுத்துக் கிடக்கும் காலத்தில் மேய்ந்து வந்த மந்தையானால் விதை முழுசாகப் புழுக்கையில் வரும். கோடை மழைக்குப் பிறகு முளைத்துவரும் கன்றுகளை விரல் உயரத்திலேயே வேரோடு எடுத்துவிடுங்கள். ஒரு வருஷம் விட்டால் கடப்பாரை போட வேண்டிவரும்.

பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றியதும் வண்டல். தாசில்தாரிடம் விண்ணப்பித்து இலவசமாக எடுக்கலாம். 2017இல் வகுத்த அளவு நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. சரளை நிலத்துக்கு வண்டலைப்போல ஈரம் பிடிக்கிற பொருள் வேறில்லை. மேல் ஒன்றரை அடிக்குள் எடுங்கள். ஆழமாகக் குழி தோண்டினால் தண்ணீர் மடைமட்டத்துக்குக் கீழே தங்கி வயலுக்கு வராது, ஊருக்கே நட்டம். வெள்ளையாக உப்புப் பூத்த இடத்து மண்ணைத் தொடாதீர்கள். கட்டியைக் காயவைத்து உடைத்துப் பரப்பிய பிறகே உழவு.

நம் மண்ணுக்குத் தக்கைப்பூண்டைவிடக் கொழுஞ்சி ஏற்றது. தக்கைப்பூண்டு தண்ணீர் கேட்கும், ஏக்கருக்கு 20 கிலோ விதையும் வேண்டும். கொழுஞ்சிக்கு 8 முதல் 10 கிலோ போதும், வறட்சியைத் தாங்கும், அறுவடைக்குப் பிறகு அவிழ்த்துவிட்ட மாடுகள் அதை விரும்பி மேயாது. இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே நம்மூருக்குப் போதும். அதன் விதைத்தோல் கடினமானது. அப்படியே வீசினால் பாதி முளைக்காது. பெருமணலோடு கலந்து உரலில் மெதுவாக இடித்து, தோல் கீறியதும் விதைக்க வேண்டும். சித்திரைக் கோடை மழை ஈரத்தில் வீசி ஒரு உழவு. முதல் மாதம் மெதுவாகத்தான் வளரும், முளைக்கவில்லை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஆடிக் கடைசியில், பூக்கும் சமயம், மழை ஈரம் இருக்கும் நாளில் மடக்கி உழுங்கள். காய்ந்த மண்ணில் மடக்கினால் மக்காது, கறையான் தின்னும். மடக்கியதற்கும் விதைப்புக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் மக்குகிற சூடு முளையைத் தாக்கும். ஒருமுறை கொஞ்சம் நெற்று முற்றவிட்டால் அடுத்த வருஷம் தானே முளைக்கும்.

ரகத்தில் ஆசைப்படாதீர்கள். கருப்புக் கவுனிக்கு நல்ல விலை உண்டு, ஆனால் அது ஏறத்தாழ ஐந்து மாதப் பயிர். மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படியே. மார்கழியிலேயே வற்றிவிடும் சிறு ஏந்தலை (சிறு கண்மாயை) நம்பிக் கவுனி விதைத்தால் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இருக்காது. கிணறு துணையிருந்தால் கவுனி, கண்மாய் மட்டும் என்றால் நான்கு மாதத்துக்குள் முடிகிற பூங்கார், நொறுங்கன், சித்திரைக்கார்.

விதையை உப்புத் தண்ணீரில் பிரியுங்கள். முட்டையைப் போட்டால் அதன் மேல்பகுதி நாலணாக் காசு அளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்து, விதையைக் கொட்டி, மிதப்பதை நீக்கிவிட்டு, மூழ்கியதை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் பாக்டீரியா) கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். வீசி விதைக்க ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ ஆகும். ஆனால் வீசாமல் விதைப்பான் கொண்டு வரிசையில் போடுங்கள்.

காரணம் களை. புழுதி விதைப்பில் களைக்கொல்லியை நிறுத்திய முதல் வருஷம் விவசாயியை முறிப்பது பூச்சி அல்ல, களைதான். 20, 45ஆம் நாட்களில் இரண்டு கைக்களை கட்டாயம். புரட்டாசி, ஐப்பசியில் எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் வேலை, ஆள் கிடைப்பதில்லை. வரிசையில் இருந்தால் கையால் தள்ளும் கருவி ஓடும், கூலி குறையும். கோடையிலேயே மழை பெய்து களை முளைக்கவிட்டு, உழுது, மறுபடி முளைக்கவிட்டு உழுதால் மேல்மண்ணில் உள்ள களைவிதை பாதி தீர்ந்துவிடும். கொழுஞ்சி அடர்ந்து வந்த வயலில் இந்த வேலையை அதுவே செய்துவிடும்.

பூச்சிக்கு அதிகம் பயப்பட வேண்டாம், தழைச்சத்து அளவாக இருக்கும் பயிரில் தாக்குதல் குறைவு. குருத்துப்பூச்சி அந்து தென்பட்டதும் அதன் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற சிறு குளவியின் முட்டை அட்டை ஏக்கருக்கு 2 சி.சி., வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று தரம், மாலையில் இலையின் அடியில் கட்டுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு: இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். ஒரு வருஷம் கிடந்து பூசணம் பிடித்த கொட்டையில் வீரியம் இருக்காது. ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்தியதை வையுங்கள். மயிலுக்கு எந்தக் கரைசலும் நிற்பதில்லை. விதைத்த அன்றே மண் மூடுவதும் முளைக்கும் வரை காவலும்தான் வழி.

திட்டத்தில் சேரச் சொல்லி வரும்போது

பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் இதைக் கணக்குப் பாருங்கள். தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்தில் ஊக்கத்தொகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. 60 கிலோ மூட்டையில் 20 மூட்டை எடுக்கும் ஏக்கரில் மாறுகிற காலத்தில் கால்வாசி குறையும் என்று வையுங்கள், 5 மூட்டை, அதாவது 3 குவிண்டால். 2025–26 பருவத்தில் கொள்முதல் நிலைய விலை சாதா ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், எனவே நட்டம் 7,500. உரச் செலவில் மிச்சம் ஆயிரம், ஊக்கத்தொகை நாலாயிரம் போனாலும் 2,500 ரூபாய் கையை விட்டுப் போகிறது. எருக் கூலியும் கூடுதல் களையும் இதில் சேரவில்லை. கொள்முதல் நிலையத்தில் சாதா ரகம், சன்ன ரகம் என்ற பிரிவுதான் உண்டு, இயற்கை நெல்லுக்கென்று தனி விலை இல்லை. ஆகவே விற்க வேறு இடம் கண்ட பிறகே மாற வேண்டும்.

கேட்க வேண்டியவை: உங்கள் சர்வே எண் எந்தத் தொகுப்பில், எத்தனை ஏக்கராகப் பதிவாகிறது, மொத்த நிலமும் சேர்க்கப்படுகிறதா, பணம் வங்கிக் கணக்கில் வருமா, பொருளாக வருமா, எந்த மாதம் வரும். விதைப்பு முடிந்து வரும் இடுபொருளால் பயன் இல்லை. உயிர் உரப் பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயிலில் அடுக்கி வைத்திருந்தால் தேதி இருந்தும் பயனில்லை. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயர் பயனாளிப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

சான்றுக்கு இரண்டு வழி. பி.ஜி.எஸ். எனும் பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும், செலவு குறைவு. வெளிநாட்டுக்கோ பெரிய நிறுவனத்துக்கோ விற்பதானால் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாக வரும் சான்று வேண்டும். நெல் போன்ற ஓராண்டுப் பயிருக்கு மாறுதல் காலம் 2 ஆண்டு, மா, தென்னை, முந்திரிக்கு 3 ஆண்டு. முதல் நாளிலிருந்தே நோட்டு எழுதுங்கள்: தேதி, வேலை, என்ன போட்டது, எங்கே வாங்கியது, ரசீது. பலரும் தவறுவது இங்கேதான். வயல் சுத்தமாக இருந்தும் நோட்டு இல்லாததால் காலம் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படுகிறது. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர் சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்கும்போது சான்று கட்டாயம் இல்லை, ஆனால் சான்று பெற்ற இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைப் போடக் கூடாது.

கவுனியை விற்கும் வழி

செட்டிநாட்டு விசேஷப் பந்தியில் கவுனி அரிசி இனிப்பு உண்டு. அந்த வாடிக்கையை வெளிமாவட்ட அரிசிக்கு விட்டுவிடாமல், காரைக்குடி, தேவகோட்டைச் சமையல் பொறுப்பாளர்களிடம் மாதிரி ஒரு கிலோ கொடுத்துப் பேசுங்கள். மில்லில் உமியை மட்டும் நீக்கச் சொல்ல வேண்டும். பட்டை தீட்டினால் கறுப்பு முழுவதும் தவிட்டோடு போய், விலையும் போய்விடும். நீங்கள் அரைக்குமுன் யந்திரத்தில் வேறு நெல் அரைத்திருந்தால் முதல் சில கிலோவைத் தனியாக எடுத்து வையுங்கள், கலப்பு அதில்தான் வரும். 100 கிலோ நெல்லுக்கு 70 கிலோவுக்கு மேல் அரிசி நிற்கும். தவிடு நீங்காத அரிசி சீக்கிரம் வண்டு பிடிக்கும், சிக்கு வாடை வரும். எனவே நெல்லாகவே வைத்து, கேட்பு வந்த அளவுக்கு மட்டும் அரையுங்கள்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் வைக்க வேண்டியது

இயற்கை விவசாயத்தை ஆதரிக்கிறேன் என்று சொல்கிற எந்தக் கட்சிக்காரரிடமும் பொதுவாகப் பேசாமல், எழுத்தில் கேளுங்கள். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்த சர்வே எண்ணிலிருந்து எந்த சர்வே எண் வரை அடைபட்டிருக்கிறது, தைல மரத் தோப்புக் கரைகள் எந்த இடத்தில் மழைநீரை மறிக்கின்றன என்று வரைபடத்தோடு காட்டுங்கள். தண்ணீர் வராத ஆயக்கட்டில் எந்த விவசாயமும் இல்லை. இரண்டாவது கோரிக்கை, கொள்முதல் நிலையத்தில் பாரம்பரிய நெல்லுக்குத் தனி விலையும் தனிக் குவியலும். மூன்றாவது, ஊக்கத்தொகை ஆடிக்கு முன் கணக்கில் ஏற வேண்டும். நான்காவது, ஒன்றியத்துக்கு ஒரு தவிடு நீக்காத அரவை யந்திரம், விவசாயிகள் குழுவின் பொறுப்பில்.

இவற்றைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசிக்கச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள். அந்தத் தீர்மான நகலை இணைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லித்தான் பதில் கேட்க வேண்டும். ஒரு மடைக்காரர்கள் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் சர்வே எண்ணும் பரப்பும் எழுதியிருந்தால் அதை ஒதுக்கி வைப்பது அதிகாரிக்குக் கடினம்.